தண்ணி நிக்கிற கார்

ஆலங்குடா
12.08.2024

மச்சான் ஹிஸ்புல்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்றது கடமை எண்டதால சொல்றன். உன்ட மூஞ்சிக்காக இல்ல.

என்ட நம்பர நீ போன்ல அடைச்சு வெச்சிட்டாயாம். வாயால என்னோட கதைக்கிறதில்ல எண்டும் சொல்லிட்டாயாம். சரி, காயிதம் வாய் இல்லத்தானே. இத சூன் பாண் கில்பட்டிட்ட குடுத்து அனுப்புறன். அவன் காலைல ஓட்டோவுல பாட்டப் போட்டுக்கொண்டு ஆலங்குடாவுல பாண் வித்துப்போட்டுத்தான் மாம்புரிக்கு வாறவன். பாணோட சேத்துத் தருவான். பாணத் திண்டுபோட்டு காயிதத்த ஆட்டுக்குப் போட்டுடாத.

நான் என்ன பெரிய குத்தம் செஞ்சன் எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல. கற்பிட்டியில வலீமாக் கல்யாண விருந்துல ஆறு பேர் ஒரு சஹனச் சுத்தி, ஒரே பெரிய பீங்கான்ல சாப்பிட இருந்தம். எல்லார்ட கையும் சோத்துல. அப்ப நீதான் வாயத் தொறந்த. அந்தப் பழைய படத்துல உடைஞ்ச பாலத்துக்கு மேலால பாயுமே ஒரு கறுப்புக் கார், நீட்டு மூக்கும் பின்னால திருக்கைக்கு இருக்கிற மாதிரி ரெண்டு செட்டையும், அத அப்பிடியே உன்ட போட் பட்டறையில செய்யப்போறன் எண்ட. நான் என்ன சொன்னன்? "போட் செய்றவன், அந்தப் போட்டுல ஏறினா வாந்தி எடுக்கிறவன். இவன் கார் செஞ்சா ரோட்டுல என்னத்த எடுப்பான்" எண்டு கேட்டன். கேள்விதான் கேட்டன். சிரிச்சது மத்தவங்க. மாப்பிள்ளைட சாச்சாக்கு மூக்கால சோறு வந்ததுக்கு நான் பொறுப்பா?

அதுக்கு ஒரு மனுசன் சஹன விட்டு எழும்புவானா? ஒரு பீங்கான்ல கை வெச்ச பொறகு பாதியில எழும்பிப் போன ஆள நான் என்ட வயசுக்கும் கண்டதில்ல. கையில சோறும் கறியுமா நிண்டுகொண்டு, "இந்தக் கார் உங்கட கேற்றுக்குள்ள வந்து நிக்கும், அதுக்குப் பொறகுதான் உங்களோட சஹன்ல கை வெப்பன்" எண்டு சபைக்கே சொல்லிப்போட்டுப் போய்ட்ட.

நீ வராட்டி எனக்கு ஒரு கோழிக்கால் மிச்சம். ஆனா என்ட தங்கச்சி சுலைஹா, புருசன் ஏறாத படி எனக்கும் வேணாம் எண்டுட்டா. டிசம்பர்ல மகள் பஹ்மிதாட கல்யாணம். உம்மா மவுத்தான பிள்ள. எங்கட குடும்பத்துல பொண்ணுக்கு முதல் மருதோண்டி வெக்கிறது மாமிதான், வாப்பாட கூடப்பொறந்தவ. என்ட மகள் கைய நீட்டிக்கொண்டு இருக்கக்க நான் யாரக் கூட்டிவந்து வெக்கச் சொல்ற? கில்பட்டையா?

ஆகவே உன்ட கார் ஓடோணும். எனக்கு வந்த கேட்டப் பாரு. ஊர்ல எந்தக் கார நெனச்சாலே சிரிப்பு வருதோ, அது ஓடுறதுக்கு நான் துஆக் கேக்க வேண்டிக் கிடக்கு.

செட்டையும் மூக்கும் பொறகு பாப்பம். முதல்ல இதச் சொல்லு. அடியில செசி என்ன? முழு வண்டியும் ஏறி இருக்கிற சட்டம், அதத்தான் கேக்கிறன். அத யோசிச்சியா, இல்லாட்டி கறுப்புப் பெயின்ட் வாங்கப் போய்ட்டியா?

உன்ட மச்சான்
பாறூக்

*

மாம்புரி
19.08.2024

பாறூக் மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் காயிதம் பாணோடு வந்தது. பாண் நன்றாக இருந்தது.

சுலைஹா சொன்னதற்காகவே மறுமொழி எழுதுகிறேன். பாலாவியில் சீமெந்து லொறியை நித்திரைத் தூக்கத்தில் உப்பளத்துக்குள் இறக்கிவிட்டு, விடிந்த பிறகு வெளியே பார்த்து "மழை பெய்திருக்கு" என்று சொன்னவர் நீங்கள். உங்களிடம் செசி பற்றிப் பாடம் கேட்கும் நிலை எனக்கு இன்னும் வரவில்லை. கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

மூன்று விதம் மனதில் இருக்கிறது. ஒன்று, பழைய ஜீப் செசி. நீளமாக இரண்டு சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள், படுக்கப் போட்ட ஏணி மாதிரி. பலம் உண்டு. ஆனால் கட்டை. படத்துக் காரின் மூக்கு அதில் அடங்காது, நடுவில் வெட்டி நீட்ட வேண்டும். மற்றது, இரும்புக் குழாய்களை ஒட்டி நண்டுக்கூடு போலக் கட்டுவது. பாரமில்லை, விரும்பிய வடிவத்துக்குக் கொண்டு வரலாம். கடைசி, தனியாகச் செசியே வைக்காமல் முழு அடியையும் போட் வார்ப்பது போல ஒரே பைபர் தொட்டியாக வார்த்து, எஞ்சினையும் சக்கரங்களையும் அதிலேயே பூட்டுவது. பைபர் துருப்பிடிக்காது. இந்த உப்புக் காற்றில் அதுதான் புத்தியான வேலை. என் மனம் அதில்தான் நிற்கிறது.

இதை ஏன் செய்கிறேன் என்று அன்றைக்குச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை. நான் இவ்வளவு காலமும் செய்த போட் எல்லாம் மற்றவர்கள் ஏறிப் போனவை. தள்ளிவிட்டுக் கரையில் நிற்பது என் வேலை. கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது, உண்மைதான், அதை நீங்கள் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. என் கையால் செய்த ஒன்றில் நானே ஏறிப் போக வேண்டும். பக்கத்தில் சுலைஹா இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், உங்களுக்கு அது இலவசம்.

ஹிஸ்புல்லா

*

ஆலங்குடா
21.08.2024

மச்சான்,

ஸலாம்.

உப்பளக் கதைய எழுதினதால உனக்கு வெச்ச முட்டாயில ஒண்டக் கழிச்சு வெச்சீக்கன், கல்யாணத்துல பாப்பம்.

உன்ட மூணு செசியையும் நான் கில்பட்டிட்டயும் காட்டினன். அவன் பாண் விக்கிறவன், அவனே சிரிச்சான். இப்ப நான் சொல்றதக் கேளு.

குழாய் நண்டுக்கூடு. குழாய்க்கு வெளியில பெயின்ட் அடிப்பாய், உள்ளுக்கு யார் அடிக்கிற? இந்தக் காத்து உள்ளுக்குப் பூந்து திண்டுகொண்டே இருக்கும். வெளியில மினுக்கம், உள்ளுக்கு உளுத்தது. நீ ஒரு நாள் ஹோர்ன் அடிக்கக்க எல்லாம் பொலபொலண்டு கீழ கொட்டும்.

பைபர் தொட்டி. அது கார் இல்ல மச்சான், சக்கரம் பூட்டின மாட்டுத் தொட்டி. கடல்ல போட்டுக்குக் கீழ தண்ணி எல்லா இடமும் தாங்கிக்கொண்டீக்கி. ரோட்டுல அந்தப் பாரம் முழுக்க சக்கரம் பூட்டின நாலு இடத்துலதான் வந்து குத்தும். கடலுக்கு இருக்கிற இரக்கம் ரோட்டுக்கு இல்ல. நாங்க உப்பளத்துக்குள்ள போனாலும் இதெல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் போனம்.

ஜீப் செசி. அதுதான் மனுசன் ஏறுற சாமான். ஆனா வெட்டி நீட்டுவன் எண்டு எழுதியீக்கிற பாரு, அத வாசிச்சு எனக்கு வயித்த வலிச்சது. வெட்டி ஒட்டின செசி ஒட்டின இடத்துலதான் முறியும். நீ முன் பாதியோட ஆலங்குடாவுக்கு வந்து சேருவாய், என்ட தங்கச்சி பின் பாதியோட மாம்புரியில நிப்பா. செசிய வெட்டாத. மூக்கு நீளம் எண்டா அத வேற எங்கயாவது தொங்கப்போடு. உன்ட மூக்கே அப்பிடித்தானே நிக்கிது.

முழுசா ஒரு பழைய ஜீப்பத் தேடி எடு. அவ்வளவுதான் விசயம். எழுத்துக்கூட்டி எழுதுற எனக்கு விளங்குறது உனக்கு விளங்காட்டி, போட் செய்யப் பயிற்சி எண்டு சொல்லிப் பேருவளைக்குப் போய் அங்க என்னத்த செஞ்சுகொண்டிருந்த?

பாறூக்

*

மாம்புரி
06.10.2024

மச்சானுக்கு,

ஸலாம்.

நீண்ட நாளாக எழுதவில்லை. வேலை இருந்தது.

நீங்கள் ஜீப் என்று சொன்னபடியால் ஜீப் இல்லை. நீங்கள் வேறொன்றைச் சொல்லியிருந்தால் ஒருவேளை ஜீப்பைப் பற்றி யோசித்திருப்பேன். உங்கள் காயிதத்தை மடித்து வைத்துவிட்டு, அன்றைக்கே தொட்டிக்கு மோல்ட் செய்யத் தொடங்கினேன்.

இப்போது தொட்டி தயார். பைபரில் எத்தனை பட்டை போட்டேன் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்கும் ஒரு கதை கட்டுவீர்கள். தட்டிப் பார்த்தால் கோயில் மணி போலச் சத்தம். பின்பக்கம் செட்டை இரண்டும் எழுந்து நிற்கிறது. பழைய வேன் எஞ்சின் ஒன்று வைத்தாயிற்று. பட்டறை முற்றத்தில் சுற்றி ஓட்டியும் பார்த்தேன். சுலைஹா பக்கத்தில் இருந்தாள். கீழே இறங்கிய பிறகு அவள் எனக்குத் தெரியாமல் செட்டையைத் தடவிப் பார்த்தாள். நான் பார்த்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. போட் செய்து முடிந்தால் கடலுக்கு விடுமுன் உள்ளே முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைப்போம். கீழே ஒரு சொட்டு வந்தாலும் அந்தப் போட் வெளியே போகாது. எஞ்சினைப் பூட்டுவதற்கு முதல் இந்தத் தொட்டிக்கும் அப்படியே செய்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிறகு வாளியால் இறைத்து வெளியே ஊற்றினோம்.

ஒரு பீங்கானில் கை வைப்பதற்கு இனி நாள் கணக்குத்தான். கேற்றை அகலமாகத் திறந்து வையுங்கள்.

ஹிஸ்புல்லா

*

ஆலங்குடா
09.10.2024

மச்சான்,

ஸலாம். இந்த முறை சிரிச்சுக்கொண்டே ஸலாம்.

உன்ட காயிதத்த நான் கடற்கரையில வெச்சுத்தான் வாசிச்சன். பட்டத்தக் கட்டிக்கொண்டு கடல்ல பாயிறாங்களே வெள்ளைக்காரங்க, அவங்களே என்னடா இந்தக் கிழவன் தனியச் சிரிக்கிறான் எண்டு நிண்டு பாத்தாங்க. காருக்குள்ள தண்ணி நெரப்பி, ஒழுகுதா எண்டு பாத்த முதல் ஆள் நீதான். உலகத்துல எவனும் செய்யாத வேலைய செஞ்சீக்கிற. அதுல ஒரு சொட்டும் ஒழுகல்ல எண்டு சந்தோசம் வேற.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒண்டு ஈக்கி. சொல்ல மாட்டன். நீ படிச்ச ஆள், நான் சொன்னா அதுக்கு எதிராத்தான் செய்வாய். மழ வரக்க மழயே உனக்குச் சொல்லும். அந்த நாள நெனச்சா இப்பவே எனக்குச் சிரிப்பு முட்டுது.

கேற்ற தொறந்துதான் வெச்சீக்கன். மாடு வந்து வாழைய திண்டுட்டுப் போய்ட்டு. உன்ட கார விட அதுதான் முந்தி வந்தது.

பாறூக்

*

மாம்புரி
24.11.2024

பாறூக் நானாவுக்கு,

மழை சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை பெய்த பெருமழையில் பட்டறையின் மேல் போட்ட தகரத்தைக் காற்று தூக்கி, கூரைத் தண்ணீர் முழுக்கக் காருக்குள் இறங்கிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தேன். கார் விளிம்பு வரை தண்ணீரோடு நிற்கிறது. சீற் மிதக்கிறது. ஸ்டியரிங் மட்டும் மேலே தெரிகிறது. நான் செய்த தொட்டி, ஒரு சொட்டும் வெளியே விடவில்லை. தண்ணீர்ப் பாரம் தாங்காமல் பின் சக்கரம் பூட்டிய இடம் இரண்டும் பிளந்து, சக்கரங்கள் தவளைக் கால் போல வெளியே விரிந்து கிடக்கிறது. வேன் எஞ்சினுக்குள் சேறு.

உள்ளே தண்ணீர் வராமல் தடுக்கத்தான் எனக்குப் பழக்கம். உள்ளே விழுந்த தண்ணீர் தானாக வெளியே போக வேண்டும் என்று என் கைக்கு ஒரு நாளும் தேவைப்படவில்லை. அது என் பிழை. ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒக்டோபரிலேயே தெரிந்திருந்தது. அடியில் ஓட்டை போடு என்று இரண்டு சொல் எழுத உங்களுக்குக் கை வரவில்லை. சிரிப்பதற்காக மழையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

உங்கள் காயிதத்தைச் சுலைஹாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். மடித்து அலுமாரியில் வைத்தாள். பிறகு சொன்னாள். "நீங்க சொன்ன சொல்லுக்காகத்தான் நான் நானாட வீட்டுக்குப் போகாம இருந்த. இனி நீங்க போனாலும் நான் போக மாட்டன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

ஹிஸ்புல்லா

*

ஆலங்குடா
27.11.2024

மச்சான்,

ஸலாம்.

ரோட்டால போற மூத்த ஆளக் கூப்பிடுற மாதிரி நானா எண்டு எழுதியீக்கிற. இத்தன வருசமும் மச்சான் எண்டுதான் எழுதின. அத நான் முதல்லயே கண்டுட்டன்.

அண்டைக்கு மழ பெய்யக்க நான் ஜன்னல்ல நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தன். சிரிக்கலாம் எண்டுதான் நிண்டன். காத்து கூடக்கூட சிரிப்பு வரல்ல. உன்ட காயிதத்த பஹ்மிதாதான் எனக்கு வாசிச்சுக் காட்டினா, எழுத்து சின்னன் எண்டு. முடிச்சிட்டு அவ காயிதத்த என்ட பக்கம் தள்ளினா. ரெண்டு கையயும் மடியில வெச்சுக்கொண்டு இருந்தா. நான் வேணும் எண்டே வெளியில போய் மாட்டுக்குத் தண்ணி வெச்சன். எங்களுக்கு மாடு இல்ல. அடுத்த வீட்டு மாடு.

சரி. கதைய விடு. விசயத்துக்கு வாறன்.

என்ட முத்தத்துல ஒரு பழைய ஜீப் கிடந்து இடம் பிடிக்கிது. உனக்குத் தெரியும், கதவக் கயித்தால கட்டி வெச்சீக்கிற அதுதான். எனக்கு இனி உபயோகமில்ல. பாம்பு குடியிருக்கோ என்னமோ. நேத்து அதக் கொண்டு வந்து மாம்புரிப் பள்ளிவாசலுக்கு முன்னால விட்டுப்போட்டு பஸ்ஸுல வந்துட்டன். சாவியும் ஜீப்புட பதிவுப் புத்தகமும் கில்பட்டிட்ட. பஸ்ஸுல சீற் கிடைக்கல்ல, பாலாவியில இருந்து மீன் ஏத்தின ஒரு பொம்பள என்ட கால்ல கூடைய வெச்சிட்டா, அது உனக்குத் தேவையில்லாத கதை.

செய்ய வேண்டியது இதுதான். ஜீப்புட மேல்பக்கத்தக் கழட்டு. செசியும் எஞ்சினும் சக்கரமும் அப்பிடியே இருக்கட்டும். உன்ட தொட்டிய அதுக்கு மேல தூக்கி வை. தொட்டி இனி பாரம் சுமக்கத் தேவையில்ல, அழகுக்கு உக்காந்திருந்தாப் போதும், சபையில உன்னப் போல. செசிய வெட்டாத. வெட்டினா நான் கோட்டுக்குப் போவன்.

மத்தது. தொட்டிக்கு அடியில ஓட்டை போடு. இத நான் ஒக்டோபர்ல எழுதியிருக்கோணும். இப்ப எழுதுறன். ஓட்டை போடு. ஓட்டை போடு. போதுமா?

சுலைஹாவுக்கு நான் ஒண்டும் எழுதல்ல. என்னத்த எழுதுற.

பாறூக்

*

மாம்புரி
10.12.2024

மச்சானுக்கு,

ஸலாம்.

பாம்பு குடியிருக்கிற ஜீப் என்று எழுதினீர்கள். அந்தப் பாம்பு ராங்க் நிறைய டீசல் அடித்து, புதிய ஒயிலும் மாற்றி, முன் கண்ணாடியையும் துடைத்து வைத்திருந்தது. நல்ல பாம்பு.

மேல்பக்கத்தைக் கழட்டிவிட்டேன். செசியில் கயிறு போட்டு இழுத்து, தட்டி, குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கும் துரு இல்லை. சும்மா கிடந்த இரும்பு இப்படி இருக்காது. இதை நீங்கள் வருடா வருடம் கீழே படுத்துக் கறுப்பெண்ணெய் பூசியிருக்கிறீர்கள். இதைப் பற்றி ஊரில் ஒருவரிடமும் நீங்கள் பெருமையடித்து நான் கேட்கவில்லை. வழமையில் உங்களுக்குச் சளி பிடித்தாலும் ஊருக்குச் சொல்லுவீர்கள்.

வெட்டவில்லை. மூக்கு நீளத்துக்கு ஒரு வழி கண்டேன், அது உங்கள் மூளையில் வந்தது இல்லை, நீங்கள் பகிடிக்கு எழுதியது. தொங்கப்போடச் சொன்னீர்களே. போட்டின் முன் அணியம் தண்ணீருக்கு மேல் நீண்டு நிற்பது போல, செசி முடிகிற இடத்துக்கு அப்பால் மூக்கை வெறும் பைபரில் தூக்கி விட்டேன். உள்ளே ஒன்றுமில்லை, காற்றுத்தான். தூரத்தில் பார்த்தால் படத்துக் கார். கைவிரலால் தட்டினால் பழைய ரொட்டித் தகரம்.

ஓட்டை போடுவதுதான் கடினமாக இருந்தது. டிரில்லை எடுத்தேன். பிஸ்மி சொன்னேன். கை போகவில்லை. நான் செய்த எந்த அடியிலும் நான் ஓட்டை போட்டதில்லை மச்சான். ஒரு மணித்தியாலம் அப்படியே குந்தியிருந்தேன். சுலைஹா வந்து பார்த்தாள். டிரில்லை என் கையிலிருந்து வாங்கி, நாலு மூலையிலும் தானே போட்டாள். போடும்போது உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு போட்டாள். என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன்.

வாளியால் தண்ணீர் ஊற்றினோம். எல்லாம் வெளியே போய்விட்டது. அது போகும்போது பழக்கத்தில் என் விரல் ஓட்டையைப் பொத்தப் போனது.

அவள் வருவாளா என்று கேட்டு எழுதாதீர்கள். எனக்கும் தெரியாது.

ஹிஸ்புல்லா

*

ஆலங்குடா
21.12.2024

மச்சான்,

ஸலாம்.

நீ கேக்க வேணாம் எண்ட, நான் கேக்கல்ல. நாள மட்டும் சொல்றன். மருதோண்டி சனிக்கிழம, 28. கல்யாணம் மத்த நாள். சனிக்கிழம இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு பேர் இருக்கிற ஒரு சஹன்ல அஞ்சு பேரத்தான் சொல்லியீக்கன். ஆறாவது இடத்துல பூனைய இருத்துவன். பூனைக்கு மீசை உன்ன விட அழகு.

பஹ்மிதாக்கு மருதோண்டி வெக்கிறதுக்கு ஊர்ல நல்லா டிசைன் போடுற பிள்ளையள் ஈக்கி, போன்ல படம் பாத்துப் போடுவாங்க. அவ வேணாம் எண்டுட்டா. மாமி உள்ளங்கையில வட்டமா ஒண்டு வெப்பாளே, அதுதான் வேணுமாம். அந்த வட்டத்துல என்ன அழகு கிடக்கு எண்டு எனக்கு விளங்கல்ல. சப்பாத்தி மாதிரி ஈக்கும். இதச் சுலைஹாவுக்குச் சொல்லு. சப்பாத்தி எண்டு நான் சொன்னதச் சொல்லாத.

இல்ல, அதையும் சொல்லு. நான்தான் எழுதினன் எண்டு அப்பத்தான் நம்புவா.

ரோட்டு வளையிற கோணர்ல மெதுவாத் திருப்பு. அந்த ஜீப்புக்கு இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும். கொஞ்சம் மட்டும். நானும் ஜீப்பும் ஒண்டுக்கொண்டு பழகிட்டம்.

பாறூக்

*

மாம்புரி
01.01.2025

மச்சானுக்கு,

ஸலாம்.

நேரில் கதைக்கலாம் என்று ஆன பிறகும் இதை எழுதுகிறேன். சில விடயங்களைத் தெளிவாக எழுதி வைப்பது நல்லது.

சொன்னது சொன்னபடி நடந்தது. என் கார் உங்கள் கேற்றுக்குள் வந்து நின்றது. செட்டை இரண்டும் கேற்றுக்கு இடிக்காமல் போனது. மூக்கு ஆடவில்லை. மாம்புரியிலிருந்து ஆலங்குடா வரை வழியில் ஒரு தடையும் இருக்கவில்லை. ஊர்ச் சனம் ரோட்டில் நின்று பார்த்தது. சுலைஹா வருவதாக இருக்கவில்லை, நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கேற் வரைக்கும் போன பிறகுதான் ஓடிவந்து ஏறினாள். ஏறிய பிறகு சொன்னாள். "நான் நானாவுக்காகப் போகல்ல. அந்தப் பிள்ளைட கைக்காகப் போறன்."

சஹனில் உங்களுக்கு நேரே இருந்தேன். ஆறாவது இடத்தில் பூனை இருக்கவில்லை. என் காரைப் பற்றி நீங்கள் ஏதும் சொல்லுவீர்கள் என்று முழு நேரமும் காத்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. உங்கள் பக்கமிருந்த பெரிய இறைச்சித் துண்டை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். உங்களுக்குச் சுகமில்லையோ என்று சுலைஹா போகும்போது கேட்டாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?

பஹ்மிதாவின் கையில் வட்டம் நன்றாகச் சிவந்திருந்தது. சப்பாத்தி மாதிரித்தான் இருந்தது, உண்மை.

ஜீப்பின் மேல்பக்கத்தைப் பட்டறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். கயிறு கட்டிய கதவும் இருக்கிறது. வேண்டுமென்றால் திரும்ப மாற்றித் தரலாம்.

ஹிஸ்புல்லா

*

ஆலங்குடா
02.01.2025

மச்சான்,

ஸலாம்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஏன் கதைக்கல்ல எண்டு சொல்றன், கேட்டுக்கொள்.

வழியில ஒரு தடையும் இருக்கல்ல எண்டு எழுதியீக்கிற. சனிக்கிழம பின்னேரம் பொலிஸ் மறிச்சுப் புத்தகம் கேட்டது தடை இல்லாம பூமாலையா? கில்பட் சூன் பாண் ஓட்டோவோட உனக்குப் பின்னாலதான் நிண்டான். பாட்டையும் நிப்பாட்டிப்போட்டுக் கேட்டுக்கொண்டு நிண்டான். இப்பிடி ஒரு வண்டி ரெஜிஸ்டர்ல இல்லயே எண்டு அவர் கேட்டாராம். நீ இறங்கி, அந்தக் காத்து மூக்கத் தூக்கி, கீழ குனிஞ்சு, செசி நம்பர விரலால காட்டிக் காட்டி, "மே மஸ்ஸினாகே ஜீப் எக்க சேர்" எண்டியாம். இது மச்சான்ட ஜீப் சேர். ஒருக்கா இல்ல. அவருக்கு நம்பிக்கை வாற வரைக்கும் சொன்னியாம். பக்கத்துல இருந்த சுலைஹா முந்தானையால வாயப் பொத்திக்கொண்டு சிரிச்சாளாம். ஓகஸ்ட்டுக்குப் பொறகு அவ சிரிச்சு இப்பத்தான் எனக்குக் கேள்வி.

நீ என்ட கேற்றுக்கு வர முந்தியே இந்தக் கதை வந்துட்டு. கில்பட் பாண் விக்காமலே ஓடி வந்து சொல்லிட்டுப் போய்ட்டான். நீ செட்டையும் மூக்குமா உள்ளுக்கு வந்து இறங்கி, சொன்ன சொல்லக் காப்பாத்தின ராசா மாதிரி நிக்கிற. என்ட நாக்குல பேச்சு ரெடியா நிண்டது. "என்ட ஜீப் என்ட வீட்டுக்கு வந்துட்டு, அல்ஹம்துலில்லாஹ். உன்ட கார் எப்ப வரும்?" எண்டு. சஹன்ல வெச்சுக் கேட்டிருந்தா இந்த முறை முழுச் சபைக்கும் மூக்கால சோறு வந்திருக்கும். என்ட வாழ்க்கையில இப்பிடி ஒரு பேச்சு எனக்கு அமையல்ல, இனி அமையவும் மாட்டாது.

உள்ளுக்கு சுலைஹா அந்தப் பிள்ளைட கையப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. சோறும் ஆறிக்கொண்டு இருந்தது. ஆறின சோத்த எனக்குப் பிடிக்காது. அதுதான் விசயம், வேற ஒண்டும் நெனச்சிடாத.

எழுதிட்டன். இப்ப நெஞ்சு லேசா ஈக்கி.

ஜீப்புட மேல்பக்கம் எனக்கு வேணாம். அதுல கோழி வளக்கலாம். ஆனா ஒரு விசயம். நீ செஞ்ச வேலையால ஊர்ல வண்டி இல்லாம நடந்து போற ஆள் இப்ப நான்தான். நாளைக்கு ஜும்ஆ. வந்து என்ன ஏத்திக்கொண்டு போ. முன் சீற்றுல சுலைஹாவ கொண்டுவந்து பஹ்மிதாட்ட இறக்கு. நான் பின்னால, செட்டை ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறன். ஊர் முழுக்கப் பாக்கட்டும், என்ன செய்ய.

மழ வந்தாலும் பரவாயில்ல. ஓட்டை ஈக்கித்தானே.

பாறூக்